ராஜினாமா கொடுத்த பிறகு வரும் கவுன்டர் ஆஃபர்: ஏற்பதா, விடுவதா?

ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பிய அரை மணி நேரத்தில் மேனேஜர் அழைப்பார். "என்ன திடீரென்று? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்பார். மறுநாள் எச்.ஆர். பிரிவிலிருந்து பேசக் கூப்பிடுவார்கள். அதற்கும் அடுத்த நாள், இரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத சம்பள உயர்வைத் தருகிறோம் என்பார்கள். சென்னை, கோவை, பெங்களூரு என்று எந்த ஊரில் இருந்தாலும், தனியார் நிறுவனத்தில் ஓரளவு நன்றாக வேலை செய்பவர் பேப்பர் போட்டால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இதைத்தான் கவுன்டர் ஆஃபர் என்கிறார்கள்.

முதல் முறையாகவோ இரண்டாம் முறையாகவோ வேலை மாறப்போகும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். "கவுன்டர் ஆஃபரை எந்நாளும் ஏற்கக் கூடாது" என்பவர்கள் உண்டு. "கூடக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே" என்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் நான் இல்லை. வேலையை விட நினைத்தீர்களே, அதற்கு என்ன காரணம்? அந்தக் காரணத்தை இந்தச் சலுகை தீர்க்கிறதா? முடிவு செய்ய வேண்டியது இதை மட்டுமே. தீர்க்கிறது, அதை எழுத்திலும் தருகிறார்கள் என்றால் தாராளமாக இருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தீர்க்கவில்லை என்றால், கூட்டிய பணம் பழகிப்போன பிறகு பழைய மனக்குறை அப்படியே திரும்பி வரும்.

இந்தியாவில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய நோட்டீஸ் காலம் பல நிறுவனங்களில் 60 நாள், 90 நாள் என்று நீள்கிறது. ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டிய விஷயம் மூன்று மாதம் இழுபடுகிறது. அத்தனை நாளும் உங்களை இருக்கச் சொல்லிக் கேட்பவர்கள் முகத்திலேயே நீங்கள் விழித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான், முடிவின் பெரும்பகுதியை ராஜினாமா கொடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

முதல் படி: பேப்பர் போடும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஏன் விலகுகிறீர்கள் என்று உங்களுக்காக மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம். "வளர்ச்சி இல்லை" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "மூன்று ஆண்டுகளாக ஒரே பழைய மென்பொருளைப் பராமரிக்கிறேன்", "என்னைவிடக் குறைந்த அனுபவத்தில் சேர்ந்தவர் என்னைவிட அதிகம் வாங்குகிறார்", "இரவு ஷிப்டால் தூக்கம் கெட்டுவிட்டது", "மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார்" என்று குறிப்பாக எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், பணம் கூட்டினால் இது சரியாகுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். சம்பள வித்தியாசம் சரியாகும். பதவிப் பெயர் சரியாகலாம். இரவு ஷிப்ட், கற்றுக்கொள்ள எதுவும் இல்லாத வேலை, மரியாதை தெரியாத மேலதிகாரி ஆகியவை பணத்தால் சரியாகாது; வேறு பிரிவுக்கோ வேறு வேலைக்கோ மாற்றினால்தான் சரியாகும்.

அடுத்து, இதையெல்லாம் மேனேஜரிடம் இதுவரை கேட்டீர்களா? இளைஞர்கள் பலர் மனத்துக்குள்ளேயே குறைபட்டுக்கொண்டிருந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நேராக ராஜினாமா கொடுக்கிறார்கள். காரணம் சம்பளம் மட்டும்தான் என்றால், வேறு வேலை தேடும் முன்பே, ஆண்டு மதிப்பீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாக, நீங்கள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டுக் கேட்டுப் பாருங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால், பின்னால் கவுன்டர் ஆஃபர் வரும்போது அதை எடைபோட உங்களிடம் ஒரு சான்று இருக்கும். கேட்காமலே இருந்திருந்தால், அவர்கள் முன்பு தரவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமாகாது.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியாக, எது கிடைத்தால் இங்கேயே இருப்பேன் என்பதை எழுதுங்கள். தொகையாக இருந்தால் தொகையை எழுதுங்கள். வேறு பிரிவாக இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள். எது கொடுத்தாலும் இருக்கமாட்டேன் என்பதுதான் பதில் என்றால் அதையே எழுதிவையுங்கள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் உருக்கமாகப் பேசும்போது இந்த வரிதான் உங்களுக்குத் துணை.

இரண்டாம் படி: புது வேலை உறுதிதானா?

தொலைபேசியில் சொன்ன வார்த்தையை நம்பிப் பேப்பர் போடாதீர்கள். "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், கடிதம் அடுத்த வாரம் வரும்" என்ற மின்னஞ்சலும் போதாது. சம்பளப் பிரிவுகள், பதவி, பணியிடம், சேரும் தேதி எல்லாம் உள்ள ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும். அதிலும் "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது", "வாடிக்கையாளர் ஒப்புதலுக்கு உட்பட்டது" போன்ற நிபந்தனைகளை நிதானமாகப் படியுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு எல்லா இடத்திலும் உண்டு; உங்கள் சான்றிதழ்களும் பணிக்காலத் தேதிகளும் சரியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் ஒப்புதல் என்றால் மட்டும், அது எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பேப்பர் போடுங்கள்.

உங்கள் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதைக் குறைத்துக்கொள்ள அல்லது பணம் கட்டி ஈடுசெய்ய உங்கள் நியமனக் கடிதம் இடம் தருகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சேரும் தேதியை அதற்குப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நிறுவனம் ஏன் தடுக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். எதிர்ப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பலர் ஒன்று ஏமாறுகிறார்கள், இல்லையென்றால் தேவையில்லாமல் கோபப்படுகிறார்கள்.

நீங்கள் போனால் உங்கள் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். விண்ணப்பங்களை அலசி, நேர்காணல் நடத்தி ஒருவரைப் பிடித்தாலும், அவருக்கும் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலம் இருக்கும். அவர் வந்து வேலை பழக இன்னும் சில மாதம் ஆகும். ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி வழியாக எடுத்தால் அதற்குக் கட்டணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாக உள்ள கணக்கு. வாடிக்கையாளரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் மென்பொருள் நிறுவனமாக இருந்தால், உங்கள் இருக்கை காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வருமான இழப்பு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், உங்களுக்கு இரண்டு லட்சம் கூட்டிக் கொடுப்பது நிறுவனத்துக்கு மலிவு.

"இந்தப் பணம் முன்பே இருந்ததுதானே, ஏன் கொடுக்கவில்லை?" என்ற கோபம் இயல்பானது. ஆனால் எல்லா இடத்திலும் அது வஞ்சகம் ஆகாது. ஆண்டு உயர்வுக்கு ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று மேலிடம் முன்கூட்டியே வரம்பு வைத்துவிடும். அதற்குள் எட்டுப் பத்துப் பேருக்குப் பங்கு போட வேண்டிய இடத்தில்தான் பெரும்பாலான மேனேஜர்கள் இருக்கிறார்கள். உங்களுக்காகக் கேட்டு, கிடைக்காமல் திரும்பியவராகவும் அவர் இருக்கலாம். ராஜினாமா வந்தவுடன் கோப்பு வேறு வழியில் போகிறது: ஆளைத் தக்கவைப்பதற்கான தனி ஒதுக்கீடு, உயர் அதிகாரியின் தனி ஒப்புதல் என்று. மேனேஜர் நல்லவராக இருந்தும் நிறுவனத்தின் முறை கெட்டதாக இருக்க முடியும். அப்படியென்றால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்த ஆண்டு ராஜினாமாவால் கிடைத்தது சரி, அடுத்த ஆண்டு எதனால் கிடைக்கும்?

அவசரத்துக்குத் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். மார்ச் மாதத்துக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், அதுவரை நீங்கள் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அவர்கள் சொல்வதில் அடுத்த ஆறு மாதம் பற்றிய பேச்சு இருக்கிறதா, இந்த மாத வேலையைப் பற்றி மட்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மறுபக்கம், உங்களைப் புது நிறுவனத்துக்கு அனுப்பிய கன்சல்டன்சிக்காரரும் நடுநிலையானவர் அல்லர். நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம். "கவுன்டர் ஆஃபர் வாங்கியவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஆறு மாதத்தில் வெளியே போனார்கள்" என்று அவர் எண்களை அடுக்கினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்கள் வாழ்க்கையை அடுத்தவரின் சதவீதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நான்காம் படி: அந்தப் பேச்சுவார்த்தை

மேனேஜர் கூப்பிட்டவுடன் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன் சார், இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன்" என்பது முழுமையான, மரியாதையான பதில். இரண்டு நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். எந்தத் தேதியில் பதில் சொல்வேன் என்று நீங்களே சொல்லி, அந்தத் தேதியில் சொல்லுங்கள்.

எந்த நிறுவனம், எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொன்னால் காட்டாதீர்கள். அதில் ரகசியக் காப்பு நிபந்தனையும் இருக்கக்கூடும். "அதை வெளியில் சொல்வது முறையாக இருக்காது" என்றால் போதும். பொய்யாக ஒரு பெரிய தொகையைச் சொல்லி ஏலம் கேட்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஒரே துறையில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் நிறைய; உண்மை தெரியவரும்போது இரண்டு இடத்திலும் பெயர் கெடும்.

மனத்தைத் தொடும் பேச்சுகளும் வரும். "ஒன்றும் தெரியாமல் வந்தவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்" என்பார்கள். சிறிய நிறுவனங்களில், குறிப்பாகக் கோவை, திருப்பூர் பக்கம் குடும்பமாக நடத்தும் தொழிலகங்களில், முதலாளியே வீட்டுக்கு ஆளனுப்பிப் பெற்றோரிடம் பேசச் சொல்வதும் உண்டு. நன்றி உண்மையானது, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நீங்கள் கற்றுக்கொடுத்ததை மறக்கமாட்டேன், சார். பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்." நன்றிக்கடனை வேலையைச் சரியாக ஒப்படைத்துத் தீர்க்கலாம். அதற்காக வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியதில்லை.

"அங்கே ஆட்குறைப்பு நடக்கிறதாமே" என்று பயமுறுத்துவதும் வழக்கம். கேட்டுக்கொண்டு, நீங்களே விசாரியுங்கள். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுங்கள்

சி.டி.சி. என்று சொல்லப்படும் ஆண்டு மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு, செயல்திறன் தொகை, காப்பீட்டுத் தொகை எல்லாம் அடங்கியிருக்கும். ஒவ்வொரு ஆஃபரையும் மூன்றாகப் பிரியுங்கள்: ஆண்டுதோறும் நிச்சயமாக வருவது, நிபந்தனையின் பேரில் வருவது, ஒரே ஒரு முறை வருவது.

ஓர் உதாரணம். இப்போது உங்கள் ஆண்டுச் சம்பளம் 8 லட்சம். புது நிறுவனம் 11 லட்சம் என்கிறது. அதில் 1 லட்சம் செயல்திறன் தொகை. பழைய நிறுவனம் 10.5 லட்சத்துக்கு ஏற்றுகிறது. ஆனால் அதில் 1.5 லட்சம், ஓராண்டு தங்கினால் ஒரே முறை தரும் தக்கவைப்பு போனஸ். பார்வைக்கு வித்தியாசம் 50,000 ரூபாய்தான். நிச்சயமான பகுதியை மட்டும் எடுத்தால் புது இடத்தில் 10 லட்சம், பழைய இடத்தில் 9 லட்சம். இரண்டாம் ஆண்டில் அந்த போனஸ் இருக்காது. அப்போது வரும் உயர்வும் 9 லட்சத்தின் மேல்தான் கணக்கிடப்படும். 10 சதவீதம் என்று வைத்தால் ஒரு பக்கம் 9.9 லட்சம், மறுபக்கம் 11 லட்சம்.

வரியையும் பாருங்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்து, சம்பள வருமானம் 12.75 லட்சம் வரை வரி கிடையாது. அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, 4 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதி முழுவதற்கும் வரி வரும்; வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு மட்டும் சலுகை உண்டு. 16 லட்சம் சம்பள வருமானத்துக்கு வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 1,13,100 ரூபாய். ஆகவே 12.5 லட்சத்திலிருந்து 16 லட்சத்துக்குப் போகிறவருக்குக் கையில் கூடுவது மூன்றரை லட்சம் அல்ல, சுமார் 2.37 லட்சம். அதிலிருந்தும் பி.எஃப். பிடித்தம் போகும்.

பி.எஃப்.பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சில நிறுவனங்கள் சட்டம் வைத்த 15,000 ரூபாய் ஊதிய வரம்பின் மேல் 12 சதவீதமாக மாதம் 1,800 ரூபாய் மட்டும் பிடிக்கும். சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்தின் மேல் பிடிக்கும். அடிப்படை 45,000 என்றால் மாதம் 5,400. இரண்டாவது இடத்தில் கைக்கு வருவது குறையும், சேமிப்பு கூடும். மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும் மாதச் சம்பளம் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வீட்டு வாடகைப் படி போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், அந்த மிகுதி பி.எஃப்., பணிக்கொடை போன்றவற்றுக்கான ஊதியக் கணக்கில் சேரும். உங்கள் இரண்டு ஆஃபர்களும் எந்த அடிப்படையில் போடப்பட்டவை என்று எச்.ஆரிடம் கேளுங்கள்.

பணிக்கொடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி தேவை. கடைசியாக வாங்கிய அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த மாதத் தொகையை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 40,000 ரூபாயில் ஐந்து ஆண்டு என்றால் சுமார் 1,15,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். நாலரை ஆண்டில் நிற்பவர் 90 நாள் நோட்டீஸையும் சேர்த்து எண்ணிப் பார்த்த பிறகு தேதியை முடிவு செய்வது நல்லது.

தக்கவைப்பு போனஸில் "இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதியிருக்கும். வரி பிடித்த பிறகு கைக்கு வந்ததைத் திருப்ப வேண்டுமா, பிடிக்கும் முன் இருந்த முழுத்தொகையையா? இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "இந்த மாதிரி பாண்டெல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது என்பது உண்மை. பணிக்காலத்தில் குறிப்பிட்ட காலம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

ஊர் மாற வேண்டியிருந்தால் வாடகை, முன்பணம், பெற்றோரைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்துபோகும் செலவு ஆகியவற்றையும் கழித்துவிடுங்கள். பல பேருக்குப் பெங்களூரு சம்பள உயர்வில் பாதி இப்படியே கரைகிறது.

ஆறாம் படி: பணம் அல்லாத இரண்டு விஷயம்

காப்பீடும் மகப்பேறும் கணக்கில் தெரிவதில்லை. தேவைப்படும் நாளில்தான் தெரியும். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், புது நிறுவனக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு முதல் நாளிலிருந்து கிடைக்குமா என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 26 வார மகப்பேறு விடுப்புக்கான உரிமை பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இதை எண்ணிப் பார்த்து, இருக்கும் இடமே இப்போதைக்கு நல்லது என்று கவுன்டர் ஆஃபரை ஏற்கும் பெண் செய்வது மிகச் சரியான முடிவு. அவருக்கு யாரும் "துணிச்சல் இல்லை" என்று சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: எழுத்தில் இல்லாதது இல்லை

ஏற்கலாம் என்று தோன்றுகிறதா? இன்னும் சரி சொல்லாதீர்கள். முதலில் கடிதம் வரட்டும். புதிய சம்பளத்தின் முழுப் பிரிவு, அது எந்தத் தேதியிலிருந்து, புதிய பதவி, எந்தப் பிரிவு, யாருக்குக் கீழ், ஷிப்ட் மாற்றம் கேட்டிருந்தால் அது எந்த மாதத்திலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நடு ஆண்டில் சம்பளம் திருத்தப்பட்டவருக்கு அடுத்த மதிப்பீட்டில் உயர்வு இல்லை என்பது பல நிறுவனங்களின் வழக்கம். அப்படியென்றால் அடுத்த ஆண்டு உயர்வைத்தான் இப்போதே முன்கூட்டி வாங்குகிறீர்கள். இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

"இப்போது எழுதித் தர முடியாது, ஏப்ரலில் செய்து தருகிறேன், என் வார்த்தையை நம்பு" என்று நல்ல மேனேஜரும் சொல்லக்கூடும். அவர் மனமாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஏப்ரலில் அவரே அந்த இடத்தில் இல்லாமல் போகலாம். வாய்மொழிக்காக இன்னொரு நிறுவனத்தின் கையெழுத்திட்ட கடிதத்தை விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ராஜினாமா திரும்பப் பெறப்பட்டது, நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது, பணிக்காலம் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். நிறுவனத்தின் கணினி அமைப்பில் உங்கள் கடைசி வேலை நாள் பதிவாகியிருக்கும். அதை நீக்காவிட்டால் அந்தத் தேதியில் கணக்கு முடக்கம், காப்பீட்டு நீக்கம் எல்லாம் தானாக நடந்துவிடும்.

எட்டாம் படி: முடிவு

நான் ஏற்கச் சொல்வது இந்த நிலைமைகளில்: காரணம் ஒன்றே ஒன்று, அது தீரக்கூடியது, தீர்வு கடிதத்தில் இருக்கிறது, அல்லது, குடும்பச் சூழ்நிலை இந்த ஊரில் இருக்கச் சொல்கிறது, அல்லது, விசாரித்ததில் புது வேலை சொன்னதுபோல் இல்லை என்று தெரிகிறது. மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. புது இடம் சரியில்லை என்பது பழைய இடம் சரி என்று ஆகாது. கொஞ்ச நாள் இருந்து வேறு நல்லதைத் தேடும் எண்ணம் இருந்தால், திருப்பித் தர வேண்டிய போனஸ் எதையும் வாங்காதீர்கள்.

விட்டுவிடச் சொல்வது: உங்களை நடத்தும் விதம் காரணமாக இருந்து, அதே மேலதிகாரியின் கீழ் தொடர வேண்டும் என்றால், உடல்நலம் கெடுகிறது என்றால், சம்பளம் தாமதமாகிற, பி.எஃப். ஒழுங்காகக் கட்டாத நிறுவனம் என்றால் (பி.எஃப். வரவைக் கணக்கேட்டில் மாதந்தோறும் நீங்களே பார்க்கலாம்), வேலையில் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்றால். கடைசிக் காரணத்தை இளைஞர்கள் எளிதாக விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். 26 வயதில் கூடுதலாக வரும் இரண்டு லட்சத்துக்காகப் பழைய தொழில்நுட்பத்திலேயே மூன்றாண்டு இருந்துவிட்டால், 30 வயதில் நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. பேரம் பேசும்போது மிரட்டினார்கள் என்றால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

ஏற்றால், புது நிறுவனத்துக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். உங்களுக்காக இன்னொருவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அந்த வேலை கிடைக்கும் வாய்ப்பு நீங்கள் சீக்கிரம் சொல்வதில்தான் இருக்கிறது. சேரும் நாள் காலையில் தொலைபேசியை அணைத்துவைப்பது பெரிய அநியாயம். அந்த நிறுவனத்தின் பதிவில் உங்கள் பெயர் அப்படியே நிற்கும். நாளை அங்கே விண்ணப்பிக்க முடியாது. பிறகு பழைய இடத்தில், முதல் மாதச் சம்பளச் சீட்டில் புதிய தொகை வந்ததா என்று பாருங்கள். வாக்களித்த மற்ற மாற்றங்களுக்கான தேதிகளைக் குறித்துவைத்து, அந்தத் தேதி வந்தவுடன் கேளுங்கள். எவ்வளவு கூட்டிக் கொடுத்தார்கள் என்று சக ஊழியர்களிடம் பேச வேண்டாம்.

மறுத்தால், சொன்ன தேதியில் நேரில் சொல்லி, சுருக்கமாக மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: "மறுபடி யோசித்துப் பார்த்தேன். தாங்கள் தர முன்வந்ததற்கு நன்றி. ராஜினாமா முடிவில் மாற்றம் இல்லை. கடைசி வேலை நாளை உறுதிசெய்யவும், பொறுப்பு ஒப்படைப்புத் திட்டத்தைப் பேசவும் நேரம் தாருங்கள்." காரணங்களை விளக்கிக்கொண்டே போகாதீர்கள், சொல்லும் ஒவ்வொரு காரணமும் புதிய பேரத்துக்கு இடம் கொடுக்கும். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, இறுதிக் கணக்குச் சீட்டு, வரிப் பிடித்தச் சான்றிதழ் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு வாங்குங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. நடு ஆண்டில் மாறுகிறவர்கள், பழைய இடத்துச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது நிறுவனத்திடம் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் நிலைக்கழிவை இரண்டு இடத்திலும் கழித்துவிடுவார்கள்; ஆண்டு முடிவில் பெரிய தொகை கட்ட வேண்டிவரும்.

மறுத்த பிறகும் கவுன்டர் ஆஃபர் இன்னொரு முறை வரும். உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்காமல், கடைசி வாரத்தில், முதலில் சொன்னதைவிடப் பெரிய தொகையோடு வருவார்கள். அதற்குள் புது நிறுவனம் உங்களுக்கு இருக்கை ஒதுக்கி, வேலையையும் பிரித்துக் கொடுத்திருக்கும். முதலில் எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்துக் கடைசி வரியைப் படியுங்கள். அதில் உள்ள நிபந்தனை இப்போதும் நிறைவேறவில்லை என்றால் அதே பதிலைச் சொல்லிவிட்டு, ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று கேளுங்கள்.